பினாங்குத் தீவில் அயலார் வாழ்வு

கடல் கடந்த உறவு இல்லாத வீட்டை இன்று நம் பங்குகளில் காண்பது அரிது. ஞாயிறு திருப்பலி முடிந்து ஆலய வாயிலில் நிற்கும்போது, "மகன் எந்த நாட்டில் இருக்கிறான்?" என்று கேட்கிறோம். "சம்பளம் எவ்வளவு?" என்பது அடுத்த கேள்வி. அங்கே அவன் எப்படி வாழ்கிறான், யாரோடு வாழ்கிறான், எத்தனை ஆண்டு வாழ இயலும் என்று கேட்போர் சிலரே. அயல்நாட்டு வாழ்வின் நன்மையையும் தீமையையும் பணத்தால் மட்டும் அளந்துவிட முடியாது. ஒரு நகரை எடுத்துக்கொண்டு இதனைச் சற்று விரிவாக நோக்குவது நம் குடும்பங்களுக்குப் பயன் தரும் என எண்ணுகிறேன்.

நான் எடுத்துக்கொண்ட நகர் மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுன். எங்கள் மகன் அங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பொறியாளராகப் பணிபுரிகிறான். ஓய்வுபெற்ற ஆசிரியனாகிய நானும் என் மனைவியும் இருமுறை சென்று அவன் குடும்பத்தோடு தங்கி வந்தோம். கண்டவற்றையும், கேட்டும் படித்தும் அறிந்தவற்றையும் இங்கே எழுதுகிறேன்.

தீவும் நகரும்

பினாங்கு நமக்குப் புதிய பெயரன்று. நாகப்பட்டினத் துறையில் 'ரஜூலா' கப்பலேறிச் சென்று பினாங்கில் இறங்கியோரின் பேரப்பிள்ளைகள் இன்றும் நம்மிடையே உள்ளனர். ரஜூலாவுக்குப் பின் 'எம்.வி. சிதம்பரம்' ஓடியது. 1980-களின் நடுவில் அதுவும் நின்றது. 2024 டிசம்பரில் சென்னையிலிருந்து பினாங்குக்கு நேரடி விமானம் தொடங்கியது. முன்பு நாட்கணக்கில் கடந்த கடலை ஏறத்தாழ நான்கு மணி நேரத்தில் கடக்கிறது அது.

நிலநடுக்கோட்டுக்கு ஐந்து பாகை வடக்கே, மலாக்கா நீரிணையின் வாயிலில் கிடக்கிறது இத்தீவு. 1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் கப்பல் தலைவர் பிரான்சிஸ் லைட் இதனைக் கைக்கொண்டு, மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரால் நகர் அமைத்தார். மலாய்க்காரர், சீனர், தமிழர், ஆர்மீனியர், ஐரோப்பியர், கெடா நாட்டிலிருந்தும் சயாம் நாட்டிலிருந்தும் வந்த போர்த்துக்கீசிய வழிக் கத்தோலிக்கர் எனப் பலரும் வந்து சேர்ந்தனர். சுருங்கச் சொன்னால், பிறர் வந்து தங்குவதற்கென்றே எழுந்த நகர் இது. 2008-இல் மலாக்காவோடு சேர்த்து இந்நகரை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

தீவையும் பெருநிலத்தையும் 1985-இல் திறக்கப்பட்ட 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் ஒன்றும், 2014-இல் திறக்கப்பட்ட 24 கிலோமீட்டர் நீளப் பாலம் ஒன்றும் இணைக்கின்றன. தீவின் நடுவே 833 மீட்டர் உயரத்தில் பினாங்கு மலை நிற்கிறது. அங்குள்ள தமிழர் இதனைக் 'கொடிமலை' என்பர். 1923 முதல் கயிற்றால் இழுக்கப்படும் இரயில் அதன்மேல் ஏறி இறங்குகிறது. மலையின் ஒருபுறம் பழைய நகர். வடகரையில் தஞ்சோங் பூங்கா, பத்து பெரிங்கி முதலிய கடற்கரைப் பகுதிகள். தென்கிழக்கில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை. இம்மூன்று இடங்களையும் நினைவில் வைத்துக்கொண்டால் அங்கு வாழும் அயல்நாட்டாரின் கதையை எளிதில் புரிந்துகொள்ளலாம்.

மூவகையினர்

பினாங்கில் வாழும் வெளிநாட்டினரை மூவகையாகப் பிரிக்கலாம்.

முதல்வகையினர் ஓய்வுபெற்ற முதியோர். ஐரோப்பா, ஆஸ்திரேலியா, ஜப்பான் முதலிய நாடுகளிலிருந்து வந்து, ஓய்வூதியத்தில் கடலோர அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றனர். இவர்களை வரவேற்க மலேசிய அரசு 2002-இல் 'மலேசியா என் இரண்டாம் இல்லம்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. வங்கியில் குறித்த தொகையை வைப்பாக வைத்து, வருமானத்தைக் காட்டினால் துணைவரோடும் பிள்ளைகளோடும் பல்லாண்டு தங்கலாம் என்பதே அதன் முந்தைய விதி.

இரண்டாம் வகையினர் எங்கள் மகனைப் போன்ற தொழில்நுட்பப் பணியாளர். 1972-இல் பாயான் லெப்பாசில் தடையிலா வணிக மண்டலம் அமைந்தது. அன்று முதல் மின்னணுத் தொழில் அங்கே வேரூன்றி வளர்ந்தது. வேலை அனுமதி உள்ளவரை இவர்கள் தங்கலாம். உரிய ஊதியம் பெறுவோர் குடும்பத்தையும் அழைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் வகையினர் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா, மியன்மார் முதலிய நாடுகளிலிருந்து வந்த தொழிலாளர். தொழிற்சாலையில் இயந்திரத்தின் முன் நிற்போரும், கட்டட வேலை செய்வோரும், அடுக்குமாடி வாயிலைக் காப்போரும் இவர்களே. இவர்களுக்குத் தரப்படும் தற்காலிக அனுமதிச் சீட்டில் மனைவி மக்களை உடன் அழைத்து வர இயலாது. அங்கே திருமணம் செய்துகொள்ளவும் கூடாது. ஆண்டுதோறும் அச்சீட்டைப் புதுப்பிக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் 'எக்ஸ்பாட்ரியேட்' என்றொரு சொல் உண்டு. தாய்நாட்டுக்கு வெளியே வாழ்பவர் என்பதே அதன் பொருள். ஆயினும் நடைமுறையில் முதலிரு வகையினரை மட்டுமே அச்சொல்லால் குறிக்கின்றனர். மூன்றாம் வகையினர் 'அயல்நாட்டுத் தொழிலாளர்' ஆகிவிடுகின்றனர். கடல் கடந்து வந்தவர் என்ற நிலையில் மூவரும் ஒருவரே. ஒருவர் குடும்பத்தோடு வாழலாம், மற்றவர் வாழலாகாது என்பதே வேறுபாடு. இவ்வேறுபாட்டை மறந்துவிட்டு நன்மை தீமைகளைப் பேசினால் நம் கணக்கு பிழைபடும்.

நன்மைகள்

முதல் நன்மை தட்பவெப்பம். குளிர்நாட்டு முதியோருக்குப் பனியும் இருளும் இல்லாத வாழ்வு பெரும் பேறு. பகலில் 31, 32 பாகை, இரவில் 24, 25 பாகை என ஆண்டு முழுவதும் வெப்பநிலை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கிறது. நம் கோடைக் கொடுமை அங்கில்லை. கதிரவன் ஏழு மணிக்குப் பின்னரே எழுவதால், காலைத் திருப்பலிக்கு இருட்டிலேயே கிளம்ப வேண்டியிருந்தது எங்களுக்கு வியப்பாயிற்று.

இரண்டாவது, உணவு. தெருவோர அங்காடிகளில் சீனர், மலாய்க்காரர், தமிழ் முஸ்லிம்கள் ஆகியோர் சமைக்கும் உணவுக்குப் பினாங்கு பெயர்பெற்றது. காவடிபோல் தோளில் சுமந்து விற்ற சோறு என்பதால் 'நாசி கண்டார்' எனப் பெயர்பெற்ற உணவு, நம்மவர் அத்தீவுக்கு அளித்த கொடை. அலுவலரும் கூலித் தொழிலாளரும் ஒரே மேசையில் அமர்ந்து குறைந்த செலவில் உண்பதைக் காணலாம்.

மூன்றாவது, மருத்துவம். எதிர்க்கரையிலுள்ள சுமத்திராவிலிருந்து நோயாளிகள் பெருந்தொகையாய் வந்து செல்லும் அளவுக்கு இங்குள்ள தனியார் மருத்துவமனைகள் வளர்ந்துள்ளன. பிரான்சிஸ்கன் கன்னியர் தொடங்கிய மவுண்ட் மிரியம் புற்றுநோய் மருத்துவமனையும் இத்தீவில்தான் உள்ளது.

நான்காவது, மொழியும் கல்வியும். ஆங்கிலம் தெரிந்தவர் கடையிலும் வங்கியிலும் மருத்துவரிடமும் இடர்ப்பட வேண்டியதில்லை. லசால் சகோதரர்களின் சவேரியார் பள்ளியும், குழந்தை இயேசு சபைக் கன்னியரின் லைட் தெருக் கன்னிமடப் பள்ளியும் 1852-இல் தொடங்கப்பட்டவை. அயல்நாட்டார் பிள்ளைகளுக்கெனப் பன்னாட்டுப் பள்ளிகள் பல உள்ளன. கட்டணம் மட்டும் மிகுதி.

ஐந்தாவது, பல சமயத்தாரும் அருகருகே வாழும் பழக்கம். ஒரே சாலையில் சற்று நடந்தாலே ஆங்கிலிக்கன் ஆலயம், சீனர் கோவில், மாரியம்மன் கோவில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகியவற்றைக் கடந்துவிடலாம். நம்மவர்க்கோ இன்னொரு நன்மையும் உண்டு. 'குட்டி இந்தியா' எனப்படும் கடைத்தெருவில் தமிழிலேயே பேசி மல்லிகையும் முருங்கைக்காயும் வாங்கலாம். தேநீர்க் கடைக்காரர் ஒருவர் எங்களைப் பார்த்து, "ஊரிலிருந்து வந்தீர்களா, ஐயா?" என்று கேட்டார். அவருடைய பாட்டனாரே அத்தீவில் பிறந்தவராம்! ஆயினும் 'ஊர்' என்றால் அவர்க்கு இன்றும் தமிழ்நாடுதான். ரிங்கிட்டை அவர்கள் 'வெள்ளி' என்றே வழங்குகின்றனர்.

கத்தோலிக்கருக்கு அங்கே பழைமையான உறவும் உண்டு. 1665-இல் சயாமின் அயுத்தியாவில் தொடங்கப்பட்ட பொதுக் குருமடம், போரினாலும் கலகத்தினாலும் இடம்பெயர்ந்து, 1770 முதல் 1782 வரை நம் புதுச்சேரியை அடுத்த வீராம்பட்டினத்தில் இயங்கியது. பின்னர் 1808-இல் பினாங்கில் மீண்டும் எழுந்தது. வியட்நாம் மறைசாட்சிகளுள் சிலர் அங்குப் பயின்றவர்கள். இன்று பினாங்குப் பங்குகளில் ஆங்கிலம், சீனம், தமிழ், மலாய் ஆகிய மொழிகளில் திருப்பலி நடைபெறுகிறது. பெருநிலத்தில் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் திருத்தலத்தில் சூலை மாதத் திருவிழாவுக்குக் கூடும் மக்களைக் கண்டால் வேளாங்கண்ணி நினைவுக்கு வரும்.

குறைகள்

இனி மறுபக்கத்தையும் காண்போம்.

வெப்பம் கடுமையன்று எனினும், காற்றின் ஈரம் ஓய்வதேயில்லை. ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வது ஏறத்தாழ 1,400. அலமாரியில் வைத்த துணியிலும் தோற்செருப்பிலும் பூஞ்சணம் படர்கிறது. என் மனைவி ஊரிலிருந்து கொண்டுசென்ற அப்பளம் இரண்டே வாரத்தில் நமுத்துப்போயிற்று. குளிர்பெட்டி இயந்திரமின்றி வாழ இயலாத வெளிநாட்டாருக்கு மின்கட்டணமும் ஏறுகிறது.

வெப்பமண்டலக் கடற்கரை தனக்குரிய நோயை எக்காலத்திலும் வைத்திருக்கிறது. நகரை நிறுவிய லைட், எட்டே ஆண்டுகளில், 1794-இல், மலேரியாவால் இறந்தார். நார்த்தாம் சாலையில் மரங்களின் நிழலில் அவருடைய கல்லறை உள்ளது. சுற்றிலும் இளவயதில் இறந்த ஐரோப்பியர் பலரின் கல்லறைகள். இன்று மலேரியாவின் இடத்தை டெங்கிக் காய்ச்சல் பிடித்துக்கொண்டது. பூந்தொட்டித் தட்டில் நிற்கும் நீரே அதற்குப் போதும்.

இயற்கையின் சீற்றமும் உண்டு. சுமத்திராவில் காட்டையும் கரிநிலத்தையும் கொளுத்தும் புகை 2015, 2019 ஆகிய ஆண்டுகளில் கடல் தாண்டி வந்து பள்ளிகளை மூடச் செய்தது. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை வேளாங்கண்ணியில் நம் திருப்பயணிகளை வாரிச் சென்றதை நாம் மறக்கவில்லை. அதே ஞாயிறன்று பினாங்குக் கடற்கரையில் குடும்பத்தோடு பொழுதுபோக்க வந்தவருள் ஐம்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2017 நவம்பரில் பெய்த பெருமழையில் நகரே நீரில் மூழ்கி எழுவர் இறந்தனர்.

இவற்றினும் பெரிய குறை, நிலையாமை. வெளிநாட்டவர் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அரசின் விருந்தினரே. விருந்தின் விதியை வீட்டுக்காரர் மாற்றலாம். 'இரண்டாம் இல்லம்' திட்டத்தில் 2021-இல் அதுதான் நிகழ்ந்தது. மாத வருமானம் 10,000 ரிங்கிட் இருந்தால் போதும் என்றிருந்ததை 40,000 ஆக்கினர். வைப்புத்தொகை 10 இலட்சம் ரிங்கிட்டாக உயர்ந்தது. பத்தாண்டு அனுமதி ஐந்தாண்டாகக் குறைந்தது. வீட்டை விற்றுவிட்டு வந்து, எஞ்சிய நாளை அங்கே கழிக்க எண்ணிய முதியோர் பலர் கலங்கிப் போயினர். 2024-இல் திட்டம் மூன்று படிகளாக மீண்டும் மாற்றப்பட்டு, வீடு வாங்குவதும் கட்டாயமாயிற்று. பொறியாளரின் நிலையும் இதுவே. வேலை போனால் அனுமதி போயிற்று. அனுமதி போனால் பிள்ளையின் பள்ளியும் போயிற்று.

பிள்ளைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் பேத்திக்கு வயது ஒன்பது. அவளுடைய வகுப்பில் ஆண்டுதோறும் நான்கைந்து பிள்ளைகள் வேறு நாட்டுக்குச் சென்றுவிடுகின்றனர். "தாத்தா, புதுசா வர்றவங்ககூட நான் சீக்கிரம் பழக மாட்டேன். அவங்களும் போயிடுவாங்க" என்றாள் ஒருநாள். உலகைச் சுற்றி வளரும் பிள்ளைகள் பல மொழி அறிகின்றனர், பல இனத்தாரை மதிக்கக் கற்கின்றனர். இது நன்மையே. ஆனால் நட்பில் வேர்விட அஞ்சும் பழக்கத்தையும் அவர்கள் கூடவே கற்றுவிடுகின்றனர்.

ஊராருக்கு வரும் விலை

வெளிநாட்டார் வரவால் அவ்வூர் மக்களுக்கு நேரும் விளைவை நாம் பெரும்பாலும் எண்ணுவதில்லை. ஜார்ஜ் டவுனின் பழைய கடைவீடுகளில் குறைந்த வாடகைக்குத் தலைமுறை தலைமுறையாய்க் குடும்பங்கள் வாழ்ந்து வந்தன. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் முடிவுக்கு வந்தது. வாடகை உயர்ந்தது, எளியோர் வெளியேறினர். 2008-இல் பாரம்பரியச் சிறப்புக் கிட்டியபின், உள்ளூர்ச் செல்வரும் வெளிநாட்டாரும் அவ்வீடுகளை வாங்கித் தங்கும் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாற்றினர். கட்டடங்கள் பொலிவுற்றன. ஆனால் அவற்றுள் வாழ்ந்த தச்சரும் கூடை முடைபவரும் சிறுகடைக்காரரும் பலர் இன்று அங்கில்லை. வெளிநாட்டவர் 'மலிவு' என்று மகிழும் விலை, அவ்வூர் இளைஞனுக்கு எட்டாத விலையாகிவிடுவதுண்டு.

கடற்கரை மாடிவீடுகளை எழுப்புவோர் யார்? 2017 அக்டோபர் 21-ஆம் நாள் தஞ்சோங் பூங்காவில், உயர்ந்த குடியிருப்பு ஒன்று கட்டப்பட்டுக் கொண்டிருந்த இடத்தில் மண் சரிந்தது. பதினொருவர் புதையுண்டு இறந்தனர். பெரும்பாலோர் அயல்நாட்டுத் தொழிலாளர். கடலைப் பார்த்தவாறு ஓய்வு நாட்களைக் கழிக்க ஒரு வகை வெளிநாட்டவர் நாடும் அதே பகுதியில், மற்றொரு வகை வெளிநாட்டவர் வீட்டாரின் முகம் காணாமலே மாண்டனர். இவ்விரு வாழ்வும் ஒரே குன்றின் அடிவாரத்தில் நிகழ்ந்தன என்பதை எண்ணாமல் அக்கடற்கரையில் நடக்க எனக்கு இயலவில்லை.

எங்கள் மகன் குடியிருக்கும் கட்டடத்தின் இரவுக் காவலர் நேபாள நாட்டினர். அவர் தம் மகனைக் கைக்குழந்தையாய் விட்டு வந்தார். இப்போது அவனுக்கு ஆறு வயது. நாள்தோறும் கைப்பேசியில் அவன் முகத்தைப் பார்க்கிறார். "நான் அவனைத் தூக்கினால் அழுவான், ஐயா. கண்ணாடிக்குள் இருந்தால்தான் நான் அப்பா" என்றார் சிரித்துக்கொண்டே. என் மனைவி அன்றிரவு உண்ணவில்லை.

ஆபத்து நேரத்தில்

ஒரு நகரில் வாழ்வோருள் யார் விருந்தினர், யார் அவ்வூரார் என்பது ஆபத்து வரும்போதுதான் தெரியும். பினாங்கின் வரலாற்றில் அத்தகைய நாள் ஒன்று வந்தது.

1941 டிசம்பரில் ஜப்பானியப் படை மலேயாவில் நுழைந்தது. ஜார்ஜ் டவுன்மீது குண்டு விழுந்து கடைத்தெருக்களில் மக்கள் கும்பல் கும்பலாய் மாண்டனர். அம்மாதத்தின் நடுவில் ஆங்கிலேய ஆட்சியாளர், ஊராருக்கு அறிவிக்காமலே ஐரோப்பியரை இரவோடிரவாகப் படகேற்றி அழைத்துச் சென்றனர். மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் கைவிடப்பட்டனர். ஒரு நூற்றாண்டுக்கு மேல் "எங்கள் தீவு" என்று கூறி வாழ்ந்தவர்கள், தீவுக்குத் துன்பம் வந்தபோது விருந்தினராகி விடைபெற்றுக்கொண்டனர்.

அன்று எஞ்சி நின்றவருள் ஒருவர் மாணிக்கசோதி சரவணமுத்து. இலங்கையில் பிறந்த தமிழர். பினாங்கு ஆங்கில நாளேடு ஒன்றின் ஆசிரியர். அவரும் அத்தீவுக்கு வெளியிலிருந்து வந்தவரே. அவர் பல இனத்தாரையும் சேர்த்து ஒரு குழு அமைத்து, ஒழுங்கைக் காக்கவும் உணவைப் பகிரவும் வழிசெய்தார். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த ஆங்கிலேயக் கொடியைத் தாமே இறக்கினார். வானொலி நிலையத்திலிருந்து, நகரில் படை ஏதுமில்லை, மேலும் குண்டு வீச வேண்டாம் என்று ஜப்பானியருக்கு அறிவித்தார். அதனால் பல உயிர்கள் தப்பின. பின்னர் அதே ஜப்பானியரின் சிறையையும் அவர் கண்டார்.

தமிழில் 'அயலார்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. வேற்றூரார் என்பது ஒன்று. பக்கத்து வீட்டார் என்பது மற்றொன்று. 'அக்கம் அயல்' என்கிறோம். 'அயல்நாடு' என்றும் சொல்கிறோம். வேற்றூராராய் வருபவர் பக்கத்து வீட்டாராய் மாறுவதே அயல்நாட்டு வாழ்வின் வெற்றி. எத்தனை ஆண்டு வாழ்ந்தும் மாறாதிருப்பதே அதன் தோல்வி. சரவணமுத்து முதல் பொருளில் வந்து இரண்டாம் பொருளில் வாழ்ந்தவர்.

இதனைச் சிறு அளவில் எங்கள் மகன் செல்லும் பங்கிலும் கண்டோம். மனைவியை இழந்த ஐரோப்பிய முதியவர் ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். பணத்துக்குக் குறைவில்லை, சிறந்த மருத்துவமனை. ஆனால் அறுவைக்குமுன் கையொப்பமிட உறவினர் எவரும் இல்லை. பிள்ளைகள் வந்து சேர நான்கு நாட்கள் ஆயின. அந்நாட்களில் அவரருகில் முறைவைத்து அமர்ந்தவர்கள் மரியாயின் சேனையைச் சேர்ந்த இரு தமிழ்ப் பெண்மணிகளும், சீன ஆசிரியர் ஒருவரும், வீட்டுவேலைக்கு வந்த பிலிப்பீன்சு நாட்டுப் பெண் ஒருவருமே. அப்பெண்ணுக்கு வாரத்தில் ஞாயிறு ஒன்றே விடுமுறை. அதை அவருக்காகக் கொடுத்தாள். அம்முதியவர் பத்தாண்டுகளாய் ஆலயப் பாடற்குழுவுக்கு இசைக்கருவி வாசித்து வந்தவர். அதனால்தான் அவர் பெயரும் வீடும் பலருக்குத் தெரிந்திருந்தன. அதே கட்டடத்தில் எவரோடும் பழகாது வாழ்ந்த வேறொருவர் இறந்தது, மூன்றாம் நாள் காவலருக்குத்தான் தெரியவந்தது என்றும் சொன்னார்கள்.

புறப்படுமுன் எண்ண வேண்டியவை

வெளிநாடு செல்ல எண்ணும் நம் குடும்பங்கள் சம்பளத்தோடு வேறு சிலவற்றையும் எண்ணிப் பார்ப்பது நலம்.

ஒன்று: அனுமதிச் சீட்டின் தன்மை. மனைவி மக்களை அழைத்துக்கொள்ளும் உரிமை அதில் உண்டா? இல்லையெனில் எத்தனை ஆண்டுப் பிரிவுக்கு இருவரும் உடன்படுகின்றனர்? இதைக் கணவன் மட்டும் முடிவு செய்தல் தகாது.

இரண்டு: திரும்பி வரும் வழி. விதி மாறினாலோ வேலை போனாலோ ஊரில் தங்க ஓர் இடமும், பிள்ளைக்கு ஒரு பள்ளியும், சில மாதச் செலவுக்குச் சேமிப்பும் இருத்தல் வேண்டும். இருந்ததையெல்லாம் விற்றுவிட்டுச் செல்வது அறிவுடைமை ஆகாது.

மூன்று: நோயும் இறப்பும். வயது ஏறஏற மருத்துவக் காப்பீட்டின் கட்டணமும் ஏறும். அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டவர்க்குக் கட்டணம் மிகுதி. அவசர வேளையில் யாருக்குத் தெரிவிப்பது, யார் பொறுப்பேற்பது என்பதை எழுதி வைப்பது அபசகுனமன்று.

நான்கு: மொழி. ஆங்கிலமே போதும் என்றிராமல் அவ்வூர் மொழியில் நலம் கேட்கவேனும் கற்றல் வேண்டும். எங்கள் மருமகள் மலாய் மொழியில் நாலு சொல் பேசத் தொடங்கியபின்னரே பக்கத்து வீட்டு மூதாட்டி கதவைத் திறந்து பேசினாராம். இப்போது இரு வீட்டுக்கும் இடையே கிண்ணங்கள் வெறுமையாய்த் திரும்புவதில்லை.

ஐந்து: ஊதியத்தின் ஒரு பகுதியைப்போல் நேரத்தின் ஒரு பகுதியும் அவ்வூருக்கு உரியது. பங்கு, பள்ளி, நற்பணி மன்றம், தெருவோரத் தோட்டம் எதுவாயினும் ஆகுக. வாங்குபவராக மட்டும் வாழ்பவரைக் கடைக்காரர் அறிவார். வேறு எவரும் அறியார்.

இவ்வைந்தும் வசதியுடையோர்க்கு எளிது. நேபாளக் காவலருக்கு இவற்றுள் பெரும்பாலானவை மறுக்கப்பட்டுள்ளன. ஆகவே அங்கு வசதியோடு வாழச் செல்லும் நம் பிள்ளைகளுக்கு ஒரு கடமையும் உண்டு. தாமும் அவரைப்போல் கடல் கடந்து வந்தவரே என்பதை மறவாதிருத்தல். பெயரைக் கேட்டல், பண்டிகை நாளில் ஒரு வேளை உணவு பகிர்தல், ஊதியம் நிறுத்தப்பட்டால் எங்கே முறையிடலாம் எனக் காட்டுதல் ஆகியவற்றுக்குச் செலவு ஒன்றும் இல்லை. சென்ற கிறிஸ்துமஸ் அன்று எங்கள் மகன் வீட்டு மேசையில் அக்காவலரும் அமர்ந்து உண்டார். உண்டு முடித்ததும் கைப்பேசியைத் திருப்பி, எங்கள் பேத்தியைத் தம் மகனுக்குக் காட்டினார். இருவருக்கும் பொதுமொழி ஏதுமில்லை. ஒருவரையொருவர் பார்த்து நெடுநேரம் சிரித்துக்கொண்டிருந்தனர்.

பினாங்கின் கடலும் மலையும் அழகியவை. உணவு இனியது, மருத்துவம் நல்லது. ஈரமும் காய்ச்சலும் புகையும் பொறுக்கத்தக்கவையே. இவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால் வரும் தொகை ஆளுக்கு ஆள் மாறும். ஆயினும், ஓர் இரவில் நோயுற்றால் கதவைத் தட்டி வருபவர் எவரேனும் உண்டா என்பதும், அயல் வீட்டில் ஒருவர் நோயுற்றால் நாம் சென்று தட்டுவோமா என்பதும் அத்தொகையில் சேர வேண்டியவை. வெளிநாட்டில் வாழும் பிள்ளைக்கு அடுத்தமுறை கடிதம் எழுதும்போதோ, தொலைபேசியில் பேசும்போதோ, சம்பளத்தைக் கேட்குமுன் அயல்வீட்டார் பெயரைக் கேளுங்கள்.